மாருதி 800 எஞ்சினில் ரேஸ் கார் செய்த கோவைக்காரர்: யார் இந்த கரிவரதன்?

ரேஸ் நடக்கும் மாதங்களைவிட ரேஸ் இல்லாத மாதங்களில்தான் ரசிகர்கள் அதிகம் பேசுவார்கள். அடுத்த சீசன் எப்போ ஆரம்பம்? கோவையில் எத்தனை சுற்று, இருங்காட்டுக்கோட்டையில் எத்தனை சுற்று? தீவுத்திடல் நைட் ரேஸ் திரும்ப வருமா? பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் கார், பைக் பைத்தியம் பிடித்த நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

கேலண்டர் மாறுவது இங்கே புதுசும் இல்லை. 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்க வேண்டிய ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ், மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில்தான் நடந்தது. ஒரு புயல் வந்தால் ஒன்பது மாதம் போய்விடும் என்பதை சென்னை ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

ஆனா ஒரு விஷயம். சீசன் எப்போ, எத்தனை சுற்று என்று பேசுவதற்கே முதலில் ஒரு சீசன் இருக்கணும் இல்லையா? ஐம்பது வருஷம் முன்னால் சென்னைக்காரர்களுக்கு அது கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை, பிப்ரவரியில், சோழவரத்தில் ரேஸ். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் எஸ். கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக 'கரி'. அடுப்புக்கரி இல்லை. கரி என்றால் யானை, கரிவரதன் என்றால் யானைக்கு அருள் செய்த பெருமாள். அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், அங்கே போய் ரேஸ் பார்த்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

சோழவரத்தில் என்ன நடந்தது?

அம்பத்தூரில் இருந்து செங்குன்றம் போய், அங்கிருந்து கொல்கத்தா ஹைவேயில் கொஞ்ச தூரம் போனால் சோழவரம். இப்போ பலருக்கும் ஏரி என்றால்தான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மட்டும் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அதையே ரேஸ் டிராக்காக மாற்றிக்கொண்டது.

இன்றைய கண்ணோடு பார்த்தால் அது டிராக்கே கிடையாது. நீளமான கான்கிரீட் ஓடுதளம், திருப்பங்களைக் காட்ட வைக்கோல் கட்டும் டிரம்மும், சுற்றிலும் வெட்ட வெளி. ஆனா கூட்டம் அள்ளும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் வரும் பிப்ரவரி மாதம் ரேஸுக்குத் தோதான மாதம். பெங்களூரு, கோவை, பம்பாய், கல்கத்தாவில் இருந்து கார்களையும் பைக்குகளையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். பிற்காலத்தில் வேறு காரணங்களுக்காகத் தலைப்புச் செய்தியான விஜய் மல்லையாவும் இங்கே பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றை ஓட்டியவர்தான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தம் இல்லை, ராணுவத்துக்குச் சொந்தம். அவர்கள் கொடுத்தால் ரேஸ், இல்லாவிட்டால் இல்லை. கல்கத்தா பக்கத்தில் பாரக்பூரிலும் இதே கதை, அங்கேயும் விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். வருஷத்தில் சில நாள் கடன் வாங்கிய இடத்தில் நடக்கும் விளையாட்டு. அதை வைத்து ஒரு சீசனை எப்படிக் கட்டுவது?

கரிவரதன் யார்?

கோவையில் 1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம் என்று சொன்னால் கோவைக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வசதிக்குக் குறைவில்லை. காசு இருந்ததால்தான் ரேஸுக்கு வர முடிந்தது என்பதை மறைக்க வேண்டியதும் இல்லை. அன்றைக்கு இந்தியாவில் கார் ரேஸ் என்பதே மகாராஜாக்கள், மில் முதலாளிகள், பெரிய கம்பெனிகளின் வாரிசுகள் விளையாடிய விளையாட்டுதான்.

கரியும் அப்படித்தான் வந்தார். சோழவரத்தில் ஓட்டினார், ஜெயித்தார், பெயர் வாங்கினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நன்றாக ஓட்டியவர்கள் அந்தக் காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள்.

கரிக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. காரை ஓட்டுவதைப் போலவே காரைச் செய்வதும் பிடிக்கும். அதற்கு அவர் பிறந்த ஊரும் ஒரு காரணம். கோவையில் பம்ப்செட், மோட்டார், நூற்பு இயந்திரம் என்று எல்லாமே உள்ளூரில் செய்வார்கள். ஒரு பாகம் கிடைக்காவிட்டால் வார்த்து எடுக்க ஃபவுண்டரி இருக்கும், கடைந்து கொடுக்க லேத் பட்டறை இருக்கும். ஜி.டி. நாயுடு சொந்தமாக இயந்திரங்கள் செய்துகாட்டிய ஊர் அது. வெளிநாட்டில் இருந்து வாங்க முடியாததை இங்கேயே செய்துவிடலாம் என்று நினைப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

ரேஸ் காரை வாங்க முடியாதா?

முடியாது, அல்லது அநேகமாக முடியாது. லைசென்ஸ் ராஜ் காலம் அது. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் வரி எக்கச்சக்கம். ரேஸுக்காகவே செய்த ஒற்றை இருக்கை கார் வேண்டும் என்றால், ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த பழைய வண்டியை எப்படியாவது கொண்டுவர வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் அடுத்த பாகத்துக்கு எங்கே போவது?

உள்ளூரில் கிடைத்தது அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இவற்றைத்தான் ஆளுக்கொரு விதமாகப் பிரித்து மேய்ந்து ஓட்டினார்கள். அப்புறம் பெங்களூரு சிபானி கம்பெனியின் டால்ஃபின் வந்தது. ஃபைபர் உடம்பு, எடை குறைவு என்பதால் ரேஸ்காரர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். ரோட்டில் பெரிதாக விற்காத கார், ரேஸில் நல்ல பெயர் வாங்கியது.

இதனால் என்ன ஆனது? ஸ்டார்ட்டிங் கிரிடில் ஒருத்தர் இறக்குமதி செய்த ஃபார்முலா காரில் நிற்பார், அவர் பக்கத்தில் ஒருத்தர் மாற்றிக் கட்டிய ஃபியட்டில் நிற்பார். கொடி இறங்குவதற்கு முன்னாலேயே யார் ஜெயிப்பார் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஓட்டுகிறவரின் திறமையைவிட அவர் காரின் விலைதான் முடிவைத் தீர்மானித்தது. பதினேழு வயசுப் பையன் ஒருத்தனுக்கு உண்மையிலேயே திறமை இருந்தாலும் அதைக் காட்ட வழி இல்லை.

கரி கைவைத்தது இந்த இடத்தில்தான்.

ஃபார்முலா மாருதி என்றால் என்ன?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அடுத்த சில வருஷத்தில் தெருவுக்குத் தெரு அந்தக் கார்தான். ஸ்பேர் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் கிடைப்பார்.

அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து ஒரு ஃபார்முலா காருக்குள் வைத்தார் கரி. மாருதி 800-ல் எஞ்சின் முன்னால் இருக்கும், முன் சக்கரங்களை இழுக்கும். ஃபார்முலா காரில் அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அதே எஞ்சின் பின் சக்கரங்களைத் தள்ளும். சுற்றிலும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், மேலே ஃபைபர் உடம்பு, ஒரே ஒரு இருக்கை, வெளியே தெரியும் நாலு சக்கரம். 1980-களின் பிற்பாதியில் வந்த இந்த வண்டிதான் ஃபார்முலா மாருதி.

வேகத்தில் உலகத் தரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின்தானே. ஆனா முக்கியமான விஷயம் வேகம் இல்லை. எல்லோருக்கும் ஒரே கார் என்பதுதான் முக்கியம்.

பத்துப் பேர் ஒரே மாதிரி காரில் நின்றால், முன்னால் போகிறவன் நன்றாக ஓட்டுகிறான் என்று அர்த்தம். பிரேக்கை எங்கே பிடிக்கிறான், திருப்பத்தில் எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றுகிறான், முன்னால் போகிறவனின் காற்று மறைவில் எப்படி ஒட்டிக்கொள்கிறான் என்பதெல்லாம் அப்போதான் கண்ணுக்குத் தெரியும். குறைந்த சக்தி உள்ள கார் இன்னொரு பாடமும் கற்றுக்கொடுக்கும். திருப்பத்தில் ஒரு முறை வேகத்தை விட்டால், அதைத் திரும்பப் பிடிக்க எஞ்சினில் தெம்பு இருக்காது. அதனால் தப்பே செய்யாமல் ஓட்டப் பழகியாக வேண்டும்.

அதற்காக ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ரேஸ் காரில் ஏறிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. டயர், பெட்ரோல், பயணம், விபத்து நடந்தால் ரிப்பேர் என்று செலவு இருக்கத்தான் செய்தது, இன்றைக்கும் இருக்கிறது. மில் முதலாளி வீட்டுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு, மிடில் கிளாஸுக்குக் கொஞ்சம் மேலே இருந்தவர்களுக்கும் திறந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்த அளவுக்குக்கூட வேறு யாரும் அதுவரை திறக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை எப்படி வந்தது?

கோவையில் கார் தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில் சென்னையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, சொந்தமாக ஒரு டிராக் கட்டியது. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். 1990-ல் திறந்தார்கள். இன்று அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஹூண்டாய் ஃபேக்டரி வந்த பிறகு ரேஸ் டிராக் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை அப்படியே தலைகீழ். ஹூண்டாய் வந்தது 1996-ல். டிராக் போட்டபோது நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் வயலும் ஏரியும்தான்.

இங்கேதான் இரண்டு விஷயமும் ஒன்றாகச் சேர்கிறது. சொந்த டிராக் இருந்தாலும், ஓட்ட ஒரே மாதிரியான பத்துப் பதினைந்து கார் இல்லாவிட்டால் அது வெறும் வளைந்த ரோடு. கார் மட்டும் இருந்து, டிராக்குக்காக ராணுவத்தின் அனுமதியை எதிர்பார்த்து நின்றால் வருஷத்துக்கு ஒரு ரேஸ்தான். இருங்காட்டுக்கோட்டையில் டிராக், கோவையில் இருந்து கார். இரண்டும் சேர்ந்த பிறகுதான் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, புள்ளிகள், சாம்பியன்ஷிப் என்று ஒரு சீசன் உருவானது. ஒரு சுற்றில் கார் உடைந்தாலும் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டிரைவர் நினைக்க முடிந்தது. சோழவரம் காலத்தில் உடைந்தால் அடுத்த பிப்ரவரிதான்.

அம்பத்தூர், ஆவடி ரசிகர்களுக்கு மட்டும் ஒரு சின்ன இழப்பு. அவர்களுக்குச் சோழவரம்தான் பக்கம். இன்று வெளிவட்டச் சாலையில் ஏறினால் இரண்டு பக்கமும் சுலபமாகப் போகலாம், அன்று அந்தச் சாலை கிடையாது.

பதினைந்து வயசுப் பையன்

கோவையில் இருந்து ஃபார்முலா மாருதி ஓட்ட வந்த பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர், அதனால் வீட்டிலேயே பெட்ரோல் வாசனை. 1977-ல் பிறந்த நரேன், தன் முதல் ரேஸை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 1992-ல் பிரான்ஸில் ரேஸ் பள்ளி, திரும்பி வந்து 1993-ல் மறுபடியும் ஃபார்முலா மாருதி. 1994-ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்கால சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். ஐரோப்பாவில் ரேஸ் சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் அவர்.

மாருதி 800 எஞ்சினில் கற்றுக்கொண்ட பையன் வெளிநாட்டில் ஜெயிக்க முடியும் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது. அதைப் பார்க்க கரி இருந்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை.

1995 ஆகஸ்டில் சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் கரிவரதன் இறந்தார். வயசு 41. ரேஸ் டிராக்கில் இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு ஆகாயத்தில் முடிவு. ஆள் போனால் அவர் செய்த காரும் போய்விடும் என்பதுதான் இந்த மாதிரி முயற்சிகளில் வழக்கமாக நடக்கும். ஒரே ஒரு ஆளின் ஆர்வத்தில் ஓடுகிற விஷயம், அந்த ஆள் இல்லாவிட்டால் ஒரு ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும். அப்படி ஆகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

ஃபார்முலா மாருதி தொடர்ந்து ஓடியது. 2000-ல் சென்னைப் பையன் கருண் சந்தோக் அதில் ஏறி, முதல் சீசனிலேயே தேசிய சாம்பியன் ஆனார். 2002-ல் நடிகர் அஜித்குமார் ஃபார்முலா மாருதி சாம்பியன்ஷிப்பில் ஓட்டி நாலாவது இடம் பிடித்தார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைக் கொண்டாடியவர்கள், அவர் கரி உருவாக்கிய வண்டியில் ஓட்டிய கதையையும் தெரிந்துகொள்ளலாம்.

2005 மார்ச்சில் நரேன், ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீயில் ஓட்டினார். ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர். 2010-ல் பஹ்ரைனில் கருண் ஓட்டினார், இரண்டாவது இந்தியர். இன்றுவரை ஃபார்முலா ஒன் ரேஸில் இறங்கிய இந்தியர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், இரண்டு பேரும் ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்கள். 1980-களில் யாராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நரேனின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2010-ல் அவர் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் முதல் ரேஸ், 13-ஆவது இடம். அந்த வருஷம் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான டிரைவராக ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

நாஸ்காரில் ஓடுவதை ஸ்டாக் கார் ரேஸ் என்பார்கள். ஷோரூமில் ஸ்டாக் இருக்கும் சாதாரணக் காரை எடுத்து ரேஸ் ஓட்டியதில் இருந்து வந்த பெயர். இப்போ அங்கே ஓடும் கார்களில் ஷோரூம் கார் என்று சொல்ல வெளித்தோற்றத்தைத் தவிர எதுவும் மிச்சமில்லை. கரி செய்தது நேர் எதிர். வெளியே பார்த்தால் ஃபார்முலா கார், உள்ளே துடிப்பது ஷோரூம் எஞ்சின். அமெரிக்க ரசிகர்களுக்கும் சோழவரத்துக்கும் இன்னொரு பொருத்தம் இருக்கிறது: டேடோனா 500 ரேஸும் பிப்ரவரியில்தான். குளிர்கால இடைவெளி முழுக்க அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். வித்தியாசம், அவர்களுக்கு டேடோனா முடிந்தால் அடுத்த வாரம் அடுத்த ரேஸ். சோழவரம் ரசிகர் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செட்டிப்பாளையம் டிராக்

கரியின் சொந்த ஊரில் ரேஸ் டிராக் இருந்ததில்லை. கோவையில் செய்த கார்களை லாரியில் ஏற்றி சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். முன்னாள் ரேஸ் வீரரும் தொழிலதிபருமான பி. விஜயகுமார், 2002-ல் செட்டிப்பாளையத்தில் டிராக் கட்டும் வேலையைத் தொடங்கினார். 2003-ல் திறந்தது. அதுவும் ஒரு விமான ஓடுதளம் இருந்த இடம்தான். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குத்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளூர் எஞ்சினை வைத்து எல்லோருக்கும் ஒரே ஃபார்முலா கார் என்ற வழியும் கோவையில் நிற்கவில்லை. எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஸ்விஃப்ட் எஞ்சினோடு ஒரு கார், ஹூண்டாய் எஞ்சினோடு ஒரு கார் என்று அடுத்தடுத்து வந்தன. தேசிய சாம்பியன்ஷிப்பில் எல்ஜிபி ஃபார்முலா 4 என்று ஒரு பிரிவைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த வரிசைதான். கோ-கார்ட்டில் இருந்து மேலே வரும் பிள்ளைகள் இன்றும் முதலில் உட்காருவது இந்த மாதிரிக் காரில்தான்.

கேலண்டர் வெளியானதும் கோவைக்கு அதிக சுற்றா, சென்னைக்கு அதிக சுற்றா என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். ஸ்ட்ரீட் ரேஸுக்கு இத்தனை செலவு தேவையா, இருங்காட்டுக்கோட்டையிலேயே நடத்தலாமே என்று ஒரு கூட்டம் சொல்லும். ஊருக்குள் நடந்தால்தான் ஜனங்களுக்குத் தெரியும் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பூந்தமல்லிக்காரர்களிடம் கேட்டால் மட்டும் பதில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டை மாட்டினால், செம்பரம்பாக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனாலும் முதல் ரேஸுக்கு முன்னால் போய்விடலாம்.